மிதிசுவிட்சும் நிறைகுடமும்

மோட்டார் வண்டியைக் கிளப்ப இரண்டு வழி உண்டு. ஒன்று, டிரைவர் தன் இருக்கையில் உட்கார்ந்தபடியே காலடியில் இருக்கும் சுவிட்சை மிதிப்பது. இன்னொன்று, வண்டிக்கு முன்னால் போய்க் குனிந்து, இரும்புக் கைப்பிடியை ஓட்டையில் செருகி, மூச்சைப் பிடித்துச் சுற்றுவது. எங்கள் முதலாளி கிருஷ்ணப்பனுக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டையும் செய்யப் போவது அவர் இல்லையே.

அவருக்கு அதியமான்கோட்டையில் புளி மண்டி. வத்தல்மலைப் புளியும் சித்தேரிப் புளியும் அவர் கொட்டகையில் இறங்கித்தான் வெளியூர் போகும். வண்டிக்கு அப்போது பதினெட்டு வயது. ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை, சீமைக்குத் திரும்பும்போது இவர் தலையில் கட்டிவிட்டுப் போனது. மேலே கித்தான் கூரை. மழை பெய்தால் அந்தக் கூரை மழையைச் சலித்து உள்ளே விடும்.

அந்த வண்டிக்கு என் கணவர் பச்சியப்பன் டிரைவர். என் பெயர் முனியாயி. வண்டிக் கொட்டகையை ஒட்டி எங்களுக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். டிரைவர் வேலை இருக்கும்வரை அறை இருக்கும். வேலை போனால் பாயைச் சுருட்டிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். இதை முதலாளி ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த நாற்பத்து மூன்றாம் வருஷம் ஐப்பசியில் சுவிட்சு கெட்டது. மிதித்தால் ஒரு நாள் கிளம்பும், மூன்று நாள் ‘டக்’ என்று ஒரு சத்தத்தோடு நின்றுகொள்ளும். பிறகு அந்தச் சத்தமும் நின்றது. மெட்ராஸில் ஒரு கம்பெனிக்கு எழுதிப் போட்டார்கள். அந்தச் சாமான் கப்பலில் வர வேண்டும், கப்பல் யுத்தம் முடிந்த பிறகு வரும், யுத்தம் எப்போது முடியும் என்பது தங்களுக்குத் தெரியாது என்று ஒரு மாதம் கழித்து மரியாதையாகப் பதில் வந்தது. முதலாளிக்கு அந்தக் கடிதம் ரொம்பப் பிடித்துவிட்டது. செலவில்லாமல் ஒரு காரியம் முடிந்ததல்லவா?

“முன்னால கைப்பிடி எதுக்குடா வச்சிருக்கறான்? அழகுக்கா?” என்றார்.

என் கணவர் கைப்பிடியைச் சுற்றத் தொடங்கினார்.

கைப்பிடி சுற்றுவதில் ஒரு விதி உண்டு. பெருவிரலை வளைத்துப் பிடிக்கக் கூடாது. மற்ற நாலு விரலோடு சேர்த்து ஒரே பக்கமாக வைக்க வேண்டும். எஞ்சின் சில நாள் எதிர்ப்பக்கமாக உதறும். அப்போது கைப்பிடி கையை விட்டு நழுவிப் போக வேண்டும். பெருவிரல் வளைந்திருந்தால் நழுவாது. மணிக்கட்டை ஒடித்துவிட்டுத்தான் போகும். இந்த விதியை என் கணவர் மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோருக்கும் சொல்லியிருந்தார். கேட்காதவர்களுக்கும் சொல்வார். தை மாதம் ஒரு காலை, குளிரில் விறைத்த கையோடு, அவரே பெருவிரலை வளைத்துப் பிடித்தார்.

நல்லம்பள்ளியில் எலும்பு கட்டுகிறவர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். முதலாளியிடம் சுளுக்கு என்று சொன்னோம். காக்கிக் கோட்டின் கை நீளமாக இருந்தது நல்லதாகப் போயிற்று. நாற்பது நாள் முழங்கையால் ஸ்டீரிங்கைத் தாங்கிக்கொண்டு ஓட்டினார். எதிரே வந்த மாட்டு வண்டிகள் தாமாகவே ஒதுங்கிக் கொடுத்தன. கட்டுப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது. ஆனால் கோணலாகக் கூடியிருந்தது. ஸ்டீரிங் பிடிக்கலாம், சோறு பிசையலாம், பீடி பற்றவைக்கலாம். பலங்கொண்டு எதையும் சுற்ற முடியாது.

கட்டுப் போட்டதற்கு மறுநாள் காலையில், வண்டி முன்னால் நிற்க முடியாமல் அறைக்குள் வந்து உட்கார்ந்து, “சுத்த முடியாத டிரைவர எவன் வச்சிக்குவான்?” என்று கேட்டார். மூலையில் இருந்த அடுக்குப் பானையைப் பார்த்துக் கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்டிருந்தால் நான் அழுதிருப்பேன்.

“நான் சுத்தறன்” என்றேன்.

“நீயா?”

“தெனம் ரெண்டு படி கேவுரு திரிக்கறவ நான். அதுக்கும் கைப்பிடிதான், இதுக்கும் கைப்பிடிதான்.”

விடியுமுன் கொட்டகைக் கதவை உள்ளே சாத்திக்கொண்டு கற்றுக்கொடுத்தார். அவர் இருக்கையில் உட்கார்ந்து எஞ்சினுக்குள் தீப்பொறி சற்றுத் தாமதித்து விழச் செய்யும் நெம்புகோலையும் பெட்ரோல் கம்பியையும் பார்த்துக்கொள்வார். நான் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, கைப்பிடியை மெதுவாகத் திருப்பி, உள்ளே ஒரு கனம் வந்து தடுக்கும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து ஒரே இழுப்பாக மேலே இழுக்க வேண்டும். முதல் நாள் பதினெட்டு முறை இழுத்தேன். மூன்றாம் நாள் நாலு. ஒரு மாதத்தில் ஒன்று.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. கல்லைச் சுற்றினால் மாவு வரும், அதோடு சரி. இதைச் சுற்றினால் அவ்வளவு பெரிய இரும்பு ஒரு உலுக்கு உலுக்கிக்கொண்டு பேச ஆரம்பிக்கும். நான் சொல்லி இந்த வீட்டில் எழுந்து நின்றது அது ஒன்றுதான்.

வெளியூர்களில் அவர் இறக்கம் பார்த்து நிறுத்துவார். பிரேக்கை விட்டு உருட்டினால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். கம்பைநல்லூரில் ஆற்றுக்குப் போகும் இறக்கம், கிருஷ்ணகிரியில் மலையடிச் சரிவு என்று தாலுகா முழுவதும் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்பது அவருக்கு அத்துப்படியாகிவிட்டது. வண்டி ஏன் கடையிலிருந்து இவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று முதலாளி கேட்டால், நிழல் என்பார். நிழல் இல்லாத இடத்தில், காற்று என்பார்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் மாட்டிக்கொள்ளப் பார்த்தோம். முதலாளிக்குப் பதினோரு வருஷமாக ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஒரு புளியந்தோப்பின் எல்லை எந்த வரப்பு என்பதுதான் தகராறு. அன்று கிருஷ்ணகிரி கோர்ட்டில் வாய்தா. வழக்கமாக ஏழு மணிக்கு வருகிறவர், ஆறரைக்கே துண்டை உதறிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். வண்டி வெளியே நிற்கிறது, எஞ்சின் அப்போதுதான் பிடித்திருக்கிறது, நான் கைப்பிடியோடு அதன் முன்னால் நிற்கிறேன். கைப்பிடியை உருவிச் சேலை மடிப்பில் செருகினேன். ரேடியேட்டருக்கு ஊற்ற வைத்திருந்த தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, எங்கோ போகிறவள் மாதிரி அவருக்கு எதிரே நடந்தேன்.

முதலாளி சகுனம் பார்க்கிறவர். பூனை குறுக்கே போனால் அன்று புளி நிறுக்க மாட்டார். அப்படிப்பட்டவர் கோர்ட்டுக்குக் கிளம்பும் வேளையில், பூவும் பொட்டுமாக ஒருத்தி நிறைகுடத்தோடு எதிரே வருகிறாள். நின்று, கன்னத்தில் போட்டுக்கொண்டு, வண்டியில் ஏறினார். இடுப்பில் இரும்பு குத்திக்கொண்டிருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அன்றைக்குப் பார்த்து எதிராளியின் முக்கியமான சாட்சி பஸ்ஸைத் தவறவிட்டான். 

மறுநாள் முதலாளியின் மனைவி ஜானகியம்மாள் என்னைக் கூப்பிட்டு விட்டார்.

“இனிமே ஐயா எப்பக் கெளம்பனாலும் நீ நெறகொடத்தோட எதுருல வரணும். மறந்துறாத.”

“சரிங்கம்மா.”

“மொகத்த மட்டும் கொஞ்சம் சிரிச்சாப்பல வச்சிக்க.”

அவர்கள் வீட்டுப் பித்தளைக் குடம் ஒன்றைக் கொடுத்தார்கள். ஆக, வண்டிக்கு முன்னால் நான் நிற்பது ஒரு உத்தியோகமாகவே ஆகிவிட்டது. அதற்கப்புறம் எவரும் எங்களைச் சந்தேகிக்க வழியில்லை. என் கணவர் அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினார். எனக்குச் சிரித்த முகத்தோடு குடம் தூக்குவதுதான் கைப்பிடியைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஆவணியில் கம்பைநல்லூர்ச் சந்தைக்குப் போனார்கள். ஆற்றுச் சரிவில் வழக்கமான இடத்தில் என் கணவர் வண்டியை நிறுத்தியிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால், கடலைக்காய் ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று அச்சு முறிந்து நேர் முன்னால் படுத்திருக்கிறது. உருட்ட வழியில்லை. எஞ்சின் சூடாக இருக்கிறது, ஆற வேண்டும் என்று சொல்லி, அந்த மாட்டு வண்டியை நகர்த்தும்வரை ஒன்றரை மணி நேரம் முதலாளியைப் புளிய மரத்தடியில் உட்கார வைத்திருக்கிறார். எஞ்சின் மூடியைத் தொட்டுப் பார்த்த முதலாளிக்கு அது ஜில்லென்று இருந்திருக்கிறது. 

“இன்னொரு வாட்டி இப்பிடி நின்னா, வண்டிய மாத்த மாட்டன். ஆள மாத்துவன்” என்று சொல்லிவிட்டார்.

அன்று முதல் என் கணவருக்கு இறக்கமும் பயம், மேடும் பயம். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போவார். சுவிட்சைச் சரி செய்யாமல் இனி ஓடாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தருமபுரியில் சந்தைப்பேட்டைப் பக்கம் அப்துல் சுபான் என்று ஒருவர், பூட்டு, ஸ்டவ், பெட்ரோமாக்ஸ் விளக்கு எல்லாம் பழுது பார்ப்பார். நானே நடந்து போய்க் கேட்டேன்.

“மோட்டார் வண்டிய நான் தொட்டதில்லையே, தங்கச்சி” என்றார்.

“பூட்டு மாதிரிதான் பாய், சின்னதுதான்.”

“தொட வேண்டியதத் தொடணும், அவ்ளோதான?”

“அவ்ளோதான்.”

“அப்ப வரன்.”

புரட்டாசியில் முதலாளி குடும்பத்தோடு பெங்களூரில் ஒரு கல்யாணத்துக்கு ரயிலில் போனார். நாலு நாள். இரண்டாம் நாள் காலை சுபான் பாய் சைக்கிளில் வந்து இறங்கினார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கொட்டகைக்குள் வந்தவர், வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார்.

“இதுல கரண்டு இருக்குதா?”

“இருக்குது பாய்” என்றார் என் கணவர்.

“எவ்ளோ?”

“ஆறு வோல்ட்டு.”

“ஆறுன்னா, கொல்லுமா?”

“கொன்னதா யாரும் வந்து சொல்லல.”

முதலில் பேட்டரியின் தடித்த கம்பியைக் கழற்றி, ஒரு சாக்கில் சுற்றி ஓரமாக வைத்தார்கள். பிறகு காலடிப் பலகையைப் பெயர்த்து, வண்டிக்கு அடியில் படுத்து, நாலு திருகாணிகளைக் கழற்றினார்கள். துரு ஏறிப்போன நாலாவது வருவேனா என்றது. மண்ணெண்ணெய் ஊற்றி, அது ஊறும்வரை மூன்று பேரும் கேழ்வரகுக் கூழ் குடித்தோம். கடைசியில் கையில் வந்தது உள்ளங்கை அளவு ஒரு இரும்புக் கிண்ணம். அதைத் திறந்தபோது பாய் முகத்தைச் சுளித்தார். உள்ளே இரண்டு செம்புக் குமிழ்கள் எதிரும் புதிருமாக இருந்தன. காலால் மிதித்தால் ஒரு செம்புத் தகடு இறங்கி இரண்டையும் சேர்த்துத் தொட வேண்டும். அந்தத் தகடு கருகி, பாதி உதிர்ந்து போயிருந்தது.

“ரெண்டு கரையும் நல்லாத்தான் இருக்குது. பாலந்தான் போச்சி” என்றார் பாய். “கனமான செம்பு வேணும். யுத்தத்துல செம்பு எங்க கெடைக்குது? பானை செம்பு ஆவாது. மெலிசு, ஒரே நாள்ல பொசுங்கிடும்.”

எங்களிடம் ஒரே ஒரு கனமான செம்புதான் இருந்தது. என் கணவர் கையில் போட்டிருந்த காப்பு. கை ஒடிந்து வீங்கியபோது எலும்பு கட்டுகிறவர் அதை அறுத்துத்தான் எடுத்தார். துணியில் முடிந்து பெட்டியில் வைத்திருந்தேன். கொண்டுவந்து கொடுத்தபோது என் கணவர் எழுந்து வெளியே போய்ப் பீடி பற்றவைத்தார். பாய் அதைக் காய்ச்சித் தட்டி, அரத்தால் ராவி, பழைய தகட்டின் அளவுக்கு வட்டமாக்கினார். தகடு இரும்பைத் தொடாமல் இருக்க அடியில் ஒரு வில்லை வேண்டும். அதற்கு எருமைக் கொம்பில் ஒரு துண்டு அறுத்தார். சுருள்வில் ஒரு பழைய திண்டுக்கல் பூட்டிலிருந்து வந்தது. உப்புத்தாளால் செம்புக் குமிழ்களைத் தேய்த்து, எல்லாவற்றையும் கோத்து மூடும்போது மத்தியானத் தொழுகை நேரம் தாண்டிவிட்டது. அதைச் சொல்லி வருத்தப்பட்டுக்கொண்டே வண்டிக்கு அடியில் போனார்.

கம்பியை மாட்டினார்கள். என் கணவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, வேட்டியில் காலைத் துடைத்துக்கொண்டு மிதித்தார். எஞ்சின் ஒரு உறுமலோடு பிடித்துக்கொண்டது. பாய் கொட்டகைக்கு வெளியே ஓடி நின்றுகொண்டு, “அல்லா!” என்றார். என் கணவர் அணைத்துவிட்டு மறுபடி மிதித்தார். மறுபடி பிடித்தது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கைப்பிடியை எண்ணெய்த் துணியில் சுற்றி இருக்கைக்கு அடியில் வைக்கும்போது, பிறந்த வீட்டு ஞாபகம் வந்த மாதிரி ஒரு வருத்தமும் வந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

நாங்கள் செய்த தப்பு எங்களுக்கு நாலு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

முதலாளி ஊரிலிருந்து வந்த மறுநாள் மண்டிக்குச் சரக்குப் பார்க்கக் கிளம்பினார். கூடவே அவர் மகன் குப்புராஜ். சேலம் காலேஜில் படித்த இருபத்திரண்டு வயதுக்காரர். நான் குடத்தோடு எதிரே நின்றேன். என் கணவர் இருக்கையில் இருந்தபடியே மிதித்தார். வண்டி கிளம்பியது. முதலாளி ஒரு காலைப் படியில் வைத்தபடி நின்றுவிட்டார்.

“கைப்பிடி?”

“தேவையில்லீங்க. சுவிச்சு மாத்தியாச்சிங்க” என்றார் என் கணவர். அவ்வளவு பெருமையாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

“என்னா செலவு?”

“உங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க.”

முதலாளி காலைப் படியிலிருந்து எடுத்தார். யோசித்தார். அவர் யோசிக்கும்போது காது மடலைத் தடவுவார். அன்று இரண்டு காதையும் தடவினார். பிறகு என் கணவரை எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கச் சொல்லிவிட்டு மகனைப் பார்த்தார்.

“ஏறி மிதி, பாக்கலாம்.”

குப்புராஜ் ஏறினார், மிதித்தார். கிளம்பியது.

“ஓட்டத்தான் உனக்குத் தெரியும்ல?”

“சேலத்துல சிநேகிதன் வண்டிய ஓட்டிருக்கறன்பா. இந்தக் கைப்பிடிதான் நம்மால ஆவாது.”

“அப்பச் சரி” என்றார் முதலாளி.

அந்த ‘அப்பச் சரி’தான் என் கணவருக்கு வேலை போன சேதி. கைப்பிடி சுற்றுவதற்காகத்தான் இத்தனை நாள் ஒரு டிரைவர் வேண்டியிருந்தது என்பதை நாங்கள் இருவரும் யோசிக்கவே இல்லை. அந்தத் தேவையை நாங்களே மெனக்கெட்டு, சொந்தக் காப்பைக் காய்ச்சித் தட்டி அடைத்துவிட்டோம். மாதக் கடைசி வரை இருக்கச் சொன்னார். ஜானகியம்மாள் வந்து, அறையை உடனே காலி செய்ய வேண்டாம், சகுனத்துக்கு நான் வேண்டும் என்றார். என் கணவர் எங்கேயாவது வேலை தேடிக்கொள்ளலாமாம். நான் குடத்தோடு இங்கே இருக்கலாமாம்.

எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. ராத்திரி முழுக்க அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தேன். விடியும்போது எனக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. அதற்குப் பெரிய அறிவெல்லாம் தேவையில்லை.

தண்ணீர் எடுக்கப் போகிறவளின் குடம் போகும்போது காலியாகத்தான் இருக்கும். வரும்போதுதான் நிறைந்திருக்கும். 

குப்புராஜ் வண்டியைக் கிளப்பினார். முதலாளி துண்டை உதறிக்கொண்டு படி இறங்கினார். நான் வெறுங்குடத்தைக் கவிழ்த்து இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றைப் பார்த்து அவருக்கு நேர் எதிரே நடந்தேன். அவர் அப்படியே திரும்பி உள்ளே போய், ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தார். குப்புராஜ் எஞ்சினை அணைத்தார். அரை மணி கழித்து மறுபடி மிதித்தார். எனக்கும் மறுபடி கிணற்றடியில் வேலை வந்தது.

அன்று நாலு முறை. மறுநாள் ஐந்து முறை. ஜானகியம்மாள் கேட்டதற்கு, “கொடம் ரொப்பத்தாங்கம்மா போறன். ஐயா அதுக்குள்ள வந்துடறாங்க” என்றேன். மூன்றாம் நாள் அவரே வெள்ளிக் குடத்தில் தண்ணீரோடு எதிரே வந்தார். குப்புராஜ் அம்மாவைப் பார்த்ததும் பதறி, முன் கியருக்குப் பதில் பின் கியரைப் போட்டு, வண்டியைப் பின்னால் இருந்த வைக்கோல் போரில் ஏற்றிவிட்டார். மூட்டை தூக்குகிறவர்கள் ஆறு பேர் சேர்ந்து வெளியே இழுத்தார்கள். என் ராசி வேறு, ஜானகியம்மாள் ராசி வேறு என்று முதலாளிக்கு உறுதியாகிவிட்டது. மறுநாள் வியாழக்கிழமை, பதினோரு வருஷ வழக்கில் தீர்ப்பு.

சாயங்காலம் முதலாளி என்னைக் கூப்பிட்டார். புளி நிறுக்கும் தராசுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

“நாளைக்கி நெறகொடம் வருமா வராதா?”

“வருங்க. அவரு வண்டியில உக்காந்தா வரும்.”

“இல்லேன்னா?”

“இல்லேன்னா எங்கிட்ட இருக்கறது வெறுங்கொடந்தாங்க.”

அவர் காதைத் தடவினார். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, மிச்சத்தையும் சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது.

“இன்னொண்ணுங்க. தை மாசத்துல இருந்து அந்த வண்டிய சுத்தனது அவரு இல்லீங்க. அவரு கை ஒடிஞ்சி போச்சி. நான்தான் சுத்தனன்.”

“தெரியும்” என்றார்.

நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன்.

“அவன் சுத்தனா நாலு சுத்து ஆவும். மாசியில இருந்து ஒரே சுத்துல கெளம்புது. எனக்குக் காது இல்லியா?”

ஒன்பது மாதம். விடியுமுன் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தம் வராமல் வளையலைத் துணியால் கட்டிக்கொண்டு, இடுப்பில் இரும்பைச் செருகிக்கொண்டு சிரித்த முகமாக நின்ற ஒன்பது மாதம். மாடி அறையில் படுத்தபடியே இவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு டிரைவரை வைத்ததில் இரண்டு ஆள் கிடைத்தார்கள் என்று திருப்தியாகப் புரண்டு படுத்திருப்பார். தராசுத் தட்டை எடுத்து அவர் மேல் எறியலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். அது என்னால் தூக்கக்கூடிய கனம்தான்.

“தெரிஞ்சும் கேக்காம இருந்தீங்களா?” என்றேன். 

அவர் தட்டில் ஒட்டியிருந்த புளியைச் சுரண்டினார்.

“எனக்கு ஒண்ணும் வேண்டாங்க. அவரு உக்காந்த எடம் அவருக்கு வேணும்.”

“வரச் சொல்லு” என்றார்.

வியாழக்கிழமை காலை என் கணவர் காக்கிக் கோட்டைப் போட்டுக்கொண்டு தன் இருக்கையில் உட்கார்ந்தார். பக்கத்தில் குப்புராஜ். பின்னால் முதலாளி, வழக்குக் கட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு. வாசலில் ஜானகியம்மாள். மூட்டை தூக்குகிறவர்களும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றிருந்தார்கள். நான் நிறைகுடத்தோடு எதிரே நின்றேன். என் கணவர் மிதித்தார். எஞ்சின் அரைச் சுற்று முனகிவிட்டு நின்றது. மறுபடி மிதித்தார். ‘டக்’ என்றது.

விளக்கைப் போட்டுவிட்டு இறங்கி வந்து பார்த்தார். அது சிவப்பாகக் கசிந்தது.

“சுவிச்சு நல்லா இருக்குதுங்க. பேட்டரி எறங்கிப் போச்சி. மூணு நாளா கெளப்பறதும் அணைக்கறதுமா இருந்ததுல தீந்துடுச்சி. பொறி தட்டற அளவுக்குத்தான் மிச்சம் இருக்குது.”

முதலாளி மகனைப் பார்த்தார். குப்புராஜ் கித்தான் கூரையைப் பார்த்தார். என் கணவர் இருக்கைக்கு அடியிலிருந்து கைப்பிடியை எடுத்தார். கோணல் கையால் அதைப் பிடித்தபடி வண்டிக்கு முன்னால் வந்து நின்றார். சுற்றினால் அந்த எலும்பு மறுபடி போய்விடும். அது எனக்கும் அவருக்கும் முதலாளிக்கும் தெரியும். அத்தனை பேருக்கு முன்னால் குனியத்தான் போனார்.

“குடுங்க” என்றேன்.

குடத்தைத் தரையில் வைத்தேன். கைப்பிடியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். நல்ல வெளிச்சம். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேலையை வரிந்து கட்டினேன். அவர் ஏறி உட்கார்ந்து நெம்புகோலைத் தள்ளினார். கைப்பிடியைச் செருகி, கனம் வரும் இடத்தில் நிறுத்தி, மேலே இழுத்தேன்.

ஒரே சுற்று.

மூட்டை தூக்குகிறவர்களில் ஒருவன் “அடேயப்பா!” என்றான். ஜானகியம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். எனக்கு வெட்கம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

முதலாளி அதற்குள் அடுத்த கணக்கைப் போட்டுவிட்டார். “வழியில நின்னுச்சின்னா யாரு சுத்தறது?” என்று தனக்குத்தானே கேட்டார். பிறகு மகனின் தோளைத் தட்டினார். “நீ பின்னால வா. அவ ஏறட்டும்.”

“கொடங்க?” என்றேன்.

அவர் திகைத்துப்போனார். சகுனத்துக்கு நான் வண்டிக்கு எதிரே வர வேண்டும். கைப்பிடிக்கு நான் வண்டிக்குள் இருக்க வேண்டும். இரண்டு காதையும் தடவினார். கடைசியில், நான் குடத்தோடு முதலில் எதிரே வருவது, வண்டி என் பக்கத்தில் வந்ததும் ஏறிக்கொள்வது, திரும்பி வரும்போது சகுனத்துக்கு வேண்டும் என்பதால் குடத்தையும் கொண்டு வருவது என்று முடிவாயிற்று.

எதிரே நடந்தேன். வண்டி வந்தது. நிறுத்தினால் எஞ்சின் அணைந்துவிடும் என்று பயந்து என் கணவர் வேகத்தை மட்டும் குறைத்தார். நான் குடத்தோடு படியில் தாவி ஏறினேன். வண்டி குலுங்கியதில் பாதித் தண்ணீர் பின்னால் போய் முதலாளியின் தலை, சட்டை, பதினோரு வருஷக் கட்டுகள் எல்லாவற்றின் மேலும் கொட்டியது. குப்புராஜ் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். முதலாளி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். 

“இதுக்கு என்னா பலன்னு தெரியலியே” என்றார்.

என் கணவர் சிரித்தார். ஸ்டீரிங்கில் நெற்றி முட்டும் அளவுக்குச் சிரித்தார். கை ஒடிந்த நாளிலிருந்து அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. அவர் பக்கத்தில், முன் இருக்கையில், பாதிக் குடத்தை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு நான் கிருஷ்ணகிரிக்குப் போனேன்.